மெலிந்த பிள்ளையை அளந்து பாருங்கள்
10 தொடக்கம் 19 வயது வரையான பிள்ளைகளின் நிறையும் உடல்நலமும்



சொந்த இடத்துக்குத் திரும்பி வந்ததும் செய்ய வேண்டியவை வரிசையாக நிற்கின்றன. காணியைத் துப்புரவாக்க வேண்டும். கிணற்றை இறைக்க வேண்டும். கூரைக்குத் தகரம் வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும், அடையாள அட்டைக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கும் அலைய வேண்டும். இத்தனைக்கும் நடுவில், நோய் என்று படுக்காத, எதையும் கேட்டு அழாத ஒரு பிள்ளை மெதுவாக மெலிந்துகொண்டு போனால் அது எவருடைய கண்ணிலும் படாமல் போய்விடும். இந்தப் பாடம் அந்தப் பிள்ளையைப் பற்றியது.

வீட்டில் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் இதை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவர் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. இந்த வயதை ஏன் தனியாகப் பேசுகிறோம்?

10 வயதிலிருந்து 19 வயது வரையான காலத்தைக் கட்டிளமைப் பருவம் என்கிறோம். பிறந்த முதல் ஆண்டுக்குப் பிறகு மனித உடல் இவ்வளவு வேகமாக வளர்வது இந்தப் பருவத்தில்தான். பெரியவரானதும் ஒருவருக்கு இருக்கும் நிறையில் ஏறத்தாழப் பாதி இந்த ஆண்டுகளில்தான் சேர்கிறது. பெண்பிள்ளைகள் பொதுவாக 12 வயதை அண்டியும், ஆண்பிள்ளைகள் 14 வயதை அண்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். எலும்பு உறுதியடைவதும், தசை சேர்வதும், குருதியின் அளவு கூடுவதும் இதே காலத்தில்தான்.

ஆனால் இந்த வயதுப் பிள்ளையைத்தான் நாங்கள் மிகக் குறைவாக நிறுத்துப் பார்க்கிறோம். 5 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் குடும்ப நல உத்தியோகத்தர் (மருத்துவமாது) கிரமமாக நிறுக்கிறார். கர்ப்பிணித் தாயை ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறுக்கிறார்கள். திரிபோஷாவும் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் உரியது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு மிஞ்சுவது பாடசாலை மருத்துவப் பரிசோதனை மட்டுமே. 200 பிள்ளைகளுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் அது 1, 4, 7, 10ஆம் ஆண்டு மாணவருக்கு நடைபெறும். அதைவிடச் சிறிய பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். உங்கள் பிள்ளை 7ஆம் ஆண்டில் படிக்க வேண்டிய காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? முகாமிலா, உறவினர் வீட்டிலா, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா? அந்த ஒரு பரிசோதனை தவறியிருந்தால், உங்கள் பிள்ளையைப் பல ஆண்டுகளாக எவரும் அளக்கவே இல்லை என்பதுதான் பொருள். அந்த அளவை இப்போது எடுக்க வேண்டும். வளர்ச்சிக்கு இன்னும் காலம் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

2. கண் ஏமாற்றும்

“எங்கட பிள்ளை சின்னனிலேயே மெலிவுதான்”, “தகப்பனைப் போல ஒல்லி”, “வளர்த்தி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லிக்கொள்வது வழக்கம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு, ஓடி விளையாடி, ஆண்டுதோறும் உயர்ந்து, உரிய காலத்தில் பூப்படைந்து வளரும் ஒல்லியான பிள்ளை நோயாளி அல்ல. குடும்ப உடல்வாகு என்று ஒன்று உண்டு.

ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. போசாக்குக் குறைபாடு இரண்டு விதமாகத் தோன்றும்.

மெலிவு: உயரத்துக்கு ஏற்ற நிறை இல்லை. அண்மைக் காலத்தில் போதிய சாப்பாடு இல்லாமலோ நோயாலோ ஏற்பட்டிருக்கலாம்.

வளர்ச்சிக் குறைவு: வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. சிறு வயதிலிருந்தே நீண்ட காலம் போதிய போசாக்கு இல்லாமல் இருந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

இரண்டாவது வகைப் பிள்ளையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வயதைக் குறைத்து மதிப்பிடுவார்கள். 15 வயதுப் பிள்ளையை 11 வயது என்று எண்ணி, “வயதுக்கு ஏற்ற உடம்புதானே” என்று விட்டுவிடுவார்கள். ஆகவே பிள்ளையின் சரியான வயதும், உயரமும், நிறையும் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

3. அளப்பது எப்படி?

உயரம்: செருப்பைக் கழற்றிவிட்டு, குதிக்கால், பிட்டம், தோள் மூன்றும் சுவரில் முட்டும்படி பிள்ளையை நேராக நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தலையின் மேல் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்து, அது சுவரில் முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை தையல் நாடாவால் அளவுங்கள். பெண்பிள்ளையின் கொண்டையை அவிழ்த்துவிட்டு அளக்க மறக்காதீர்கள்.

நிறை: பாடசாலையில், குடும்ப நல உத்தியோகத்தரிடம், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் நிறுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே தராசில், ஏறத்தாழ ஒரே மாதிரியான உடுப்போடு நிறுப்பது நல்லது.

உடற்திணிவுச் சுட்டி: நிறையைக் கிலோகிராமில் எழுதுங்கள். உயரத்தை மீற்றரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்குங்கள். நிறையை அந்த விடையால் வகுங்கள். கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பான் போதும். உங்களுக்குச் சிரமமாக இருந்தால் பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள். அதுவும் ஒரு கணிதப் பயிற்சிதான்.

பெரியவர்களுக்கு 18.5க்குக் குறைந்தால் நிறை குறைவு என்பார்கள். இந்த எண்ணை வளரும் பிள்ளைக்குப் பயன்படுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோலின்படி, பின்வரும் எண்களுக்குக் கீழே இருந்தால் பிள்ளை மெலிவாக உள்ளது எனக் கொள்ளலாம்.

11 வயது: பெண் 13.9, ஆண் 14.1
13 வயது: பெண் 14.9, ஆண் 14.9
15 வயது: பெண் 15.9, ஆண் 16.0
17 வயது: பெண் 16.4, ஆண் 16.9

இந்த எண்களைவிட 1க்கும் மேல் குறைந்திருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் அல்ல, அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தங்கைக்கு 13 வயது. உயரம் 148 சென்ரிமீற்றர், நிறை 32 கிலோ. அண்ணனுக்கு 15 வயது. உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 39 கிலோ. பார்ப்பவர்கள் அண்ணனைத்தான் “வளர்த்தி இல்லை” என்பார்கள். தங்கையை “நல்ல நெடுப்பம்” என்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். தங்கைக்கு 1.48ஐ 1.48ஆல் பெருக்கினால் 2.19. 32ஐ 2.19ஆல் வகுத்தால் 14.6. அவளது வயதுக்குரிய எண் 14.9. ஆகவே தங்கை மெலிவாக இருக்கிறாள். அண்ணனுக்கு 1.50ஐ 1.50ஆல் பெருக்கினால் 2.25. 39ஐ 2.25ஆல் வகுத்தால் 17.3. அவனது வயதுக்குரிய எண் 16.0. அவன் மெலிவு அல்ல, ஆனால் வயதுக்கு உயரம் குறைவு. இருவரையும் கவனிக்க வேண்டும். இருவருக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தங்கைக்கு இன்னும் 700 கிராம் கூடினால் அந்த எண்ணைத் தாண்டிவிடுவாள். அத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்த எண் அடிமட்டக் கோடு. அதே வயதும் உயரமும் உள்ள பெண்பிள்ளைக்கு நடுத்தரமான நிறை ஏறத்தாழ 41 கிலோ. போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

4. உடலில் காணும் அடையாளங்கள்

அளவு எடுப்பதோடு பிள்ளையின் உடலையும் கவனித்துப் பாருங்கள். குளித்துவிட்டு வரும்போதோ தலை வாரும்போதோ இயல்பாகக் கவனித்தால் போதும். பிள்ளையை நிறுத்தி வைத்துச் சோதிக்க வேண்டாம்.

தசையும் கொழுப்பும்: காறை எலும்பும் விலா எலும்பும் துருத்தித் தெரியும். மேற்கையும் தொடையும் மெலிந்து, தோல் தளர்ந்திருக்கும். கன்னம் ஒட்டியிருக்கும். பழைய பாடசாலைச் சீருடை உயரத்தில் கட்டையாகிவிட்டது, ஆனால் இடுப்பில் தளர்ந்து நிற்கிறது என்றால் அதுவும் ஓர் அடையாளம்.

குருதிச்சோகை: கீழ் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை, நகம் ஆகியவை வெளிறியிருக்கும். படி ஏறினால், தண்ணீர்க் குடத்தோடு நடந்தால் மூச்சு வாங்கும். தலை சுற்றும். வகுப்பில் தூக்கம் வரும். மண், அரிசி, சோக்குக்கட்டி போன்றவற்றைத் தின்னும் ஆசை சிலருக்கு வரும்.

தோலும் முடியும்: தோல் வறண்டிருக்கும். முடி மெலிந்து, இலகுவில் உதிரும். புண்கள் ஆற நாளெடுக்கும்.

வாயும் கண்ணும்: கடைவாயில் வெடிப்பும் நாக்கில் எரிவும் ‘பி’ வகை விற்றமின் குறைவைக் காட்டலாம். முரசில் அடிக்கடி குருதி கசிவது விற்றமின் ‘சி’ குறைவாலும் வரலாம். மாலை மங்கியதும் கண் தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் அது விற்றமின் ‘ஏ’ குறைவின் அடையாளமாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பருவ வளர்ச்சி: போதிய கொழுப்பும் சக்தியும் இல்லாத உடல் பருவமடைவதைத் தள்ளிப்போடும். பெண்பிள்ளைக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, 15 வயதாகியும் பூப்படையவில்லை, அல்லது தொடங்கிய மாதவிடாய் 3 மாதத்துக்கு மேல் நின்றுவிட்டது என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆண்பிள்ளைக்கு 14 வயதாகியும் பருவ மாற்றங்கள் எதுவும் தொடங்காவிட்டால் அதையும் காட்டுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மனமும் நடத்தையும்: எளிதில் கோபப்படுவது, குளிர் தாங்காமை, விளையாட்டிலிருந்து ஒதுங்குவது, படித்தது மனதில் நிற்காமை. இவற்றைச் “சோம்பல்” என்று ஏசும் முன், பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள்.

5. திரும்பி வந்த வீட்டில் பிள்ளை ஏன் மெலிகிறது?

காரணம் சில வேளைகளில் நோய். பல வேளைகளில் அது வீட்டின் அன்றாட ஒழுங்கிலேயே இருக்கிறது.

உலர் உணவுப் பொதியில் வரும் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவை பசியை ஆற்றும். மாதக்கணக்கில் அவற்றையே நம்பியிருந்தால் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின்கள் ஆகியவை போதாமல் போகும்.

பாடசாலை தூரத்தில் இருக்கிறது. பிள்ளை விடியற்காலையில் வெறும் தேநீரோடு புறப்பட்டுப் பல கிலோமீற்றர் சைக்கிள் மிதிக்கிறது. பின்னேரம் வந்து தண்ணீர் எடுக்கிறது, விறகு பொறுக்குகிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது. 15 வயது ஆண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3,000 கிலோகலோரி சக்தி வேண்டும். அதே வயதுப் பெண்பிள்ளைக்கு ஏறத்தாழ 2,400. அந்த வயது மகனுக்குத் தகப்பனுக்குப் போடும் அளவு சோறு வேண்டும். சில நாளில் அதைவிடக் கூடவும் வேண்டும்.

பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் தாய். அவருக்கு முன்னால் மூத்த மகள். சட்டியில் மிஞ்சியதுதான் இருவருக்கும். மாதாமாதம் குருதி இழக்கும் பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டிய வயதில், மீனும் முட்டையும் அவளது கோப்பைக்கு வருவதில்லை.

தாயையோ தகப்பனையோ இழந்த வீடுகளில் மூத்த பிள்ளை பெரியவராகிவிடுகிறது. “எனக்குப் பசியில்லை” என்று சொல்லித் தன் பங்கைத் தம்பி தங்கைக்குத் தள்ளிவிடும் பிள்ளைகள் உண்டு. அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். துயரத்தாலும் பயத்தாலும் உண்மையாகவே பசி அற்றுப்போகும் பிள்ளைகளும் உண்டு. சாப்பாட்டை வெறுப்பது, நித்திரை இல்லாமை, எவரோடும் பேசாமை ஆகிய மூன்றும் சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் உளவளத்துணையாளரின் உதவி தேவை.

குடற்புழு இன்னொரு காரணம். கொழுக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாக உடலுக்குள் போய்க் குடலில் குருதியைக் குடிக்கிறது. மலசலகூடம் கட்டி முடியாத இடங்களில் இந்த ஆபத்து கூடுதல். செருப்பு, கை கழுவுதல், கொதித்தாறிய நீர், பாடசாலையில் தரும் புழு மருந்து ஆகிய நான்கும் சாப்பாட்டைப் போலவே முக்கியம்.

6. கோப்பையில் என்ன மாற்றலாம்?

விலை கூடிய மா ரின்னோ பாணியோ தேவையில்லை. எங்கள் ஊர்ச் சாப்பாட்டிலேயே வேண்டியது இருக்கிறது.

காலைச் சாப்பாடு தவறக்கூடாது. முதல்நாள் இரவு அவித்து வைத்த பயறு, கௌபி, கடலை ஏதாவதொன்றைத் தேங்காய்ப்பூவோடு கொடுத்து அனுப்பலாம். குரக்கன் பிட்டு, உழுந்து சேர்த்த தோசை, பழஞ்சோறும் தயிரும் எல்லாம் நல்லவை. வெறும் பாணும் தேநீரும் காலைச் சாப்பாடு ஆகாது.

மூன்று வேளைக்கு இடையில் இரண்டு சிறு தீனி. ஒரு கைப்பிடி கச்சான், எள்ளுருண்டை, அவித்த வற்றாளங்கிழங்கு, வாழைப்பழம். மெலிந்த பிள்ளையால் ஒரே தடவையில் நிறையச் சாப்பிட முடியாது. ஆகவே தடவையைக் கூட்டுங்கள்.

சோற்றோடு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்தால், கோப்பையின் அளவு கூடாமலே சக்தி கூடும்.

சிறு மீனை முள்ளோடு. நெத்தலி, சூடை போன்றவற்றை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். நெத்தலிக் கருவாட்டுச் சம்பலும் ஆகும். முட்டை கிடைத்தால், வளரும் பிள்ளைக்கு முதலில்.

முருங்கை இலையும் தேசிக்காயும் சேரட்டும். முருங்கை இலை, பொன்னாங்காணி, பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விற்றமின் ‘சி’ உதவும். கறியை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். அல்லது சாப்பாட்டோடு கொய்யா, நெல்லி, பப்பாசி கொடுங்கள்.

தேநீரைத் தள்ளி வையுங்கள். சோற்றோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இருக்கட்டும். வீட்டில் காசு செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய மாற்றம் இதுதான்.

வளவில் இரண்டு முருங்கை, ஒரு பப்பாசி, ஒரு பாத்தி கீரை, நான்கு கோழி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்தப்பட்ட நிலத்தில் மட்டும் பயிரிடுங்கள். கீரைக்காகவோ விறகுக்காகவோ எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

எலும்பும் தோலுமாக மிகவும் மெலிந்துபோன பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென்று பெருமளவு சாப்பாடு கொடுப்பது ஆபத்தாகலாம். அப்படியான பிள்ளைக்கு வைத்தியரின் கண்காணிப்பில்தான் சாப்பாட்டைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். “உடம்பு வைக்கும் குளிசை” என்று கடைகளில் தருவதை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

7. சாமத்தியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைக்கும்

எங்கள் தாய்மாருக்கும் பேத்திமாருக்கும் இந்த விஷயம் தெரியாமல் இல்லை. பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, கத்தரிக்காய் என்று தேடிக் கொடுத்தார்கள். உழுந்தில் புரதமும் இரும்புச்சத்தும் உண்டு. நல்லெண்ணெயில் சக்தி உண்டு. முட்டையில் புரதமும் பலவகை விற்றமின்களும் உண்டு. வேகமாக வளரும் உடலுக்கு வேண்டியதைத்தான் அவர்கள் ஊட்டினார்கள்.

அதில் மூன்று மாற்றங்களைச் செய்தால் போதும். முதலாவது, அதைச் சில வாரங்களோடு நிறுத்த வேண்டாம். வளர்ச்சி முடியும் வரை வாரத்தில் சில நாளாவது தொடரட்டும். இரண்டாவது, பூப்படையும் வரை காத்திருக்க வேண்டாம். பெண்பிள்ளை மிக வேகமாக உயர்வது பூப்படைவதற்கு முன்னர்தான். அதன் பிறகு பொதுவாகச் சில சென்ரிமீற்றர்களே உயர்வாள். ஆகவே 9, 10 வயதிலேயே தொடங்குங்கள். ஆண்பிள்ளைக்கும் அதே உழுத்தங்களி நல்லதுதான். மூன்றாவது, முட்டையைப் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள். பச்சை முட்டையால் கிருமித் தொற்று வரலாம்.

மாதவிடாய் நாட்களில் மீன், முட்டை, தயிர் ஆகாது என்று விலக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. குருதி இழக்கும் நாட்களில்தான் அவை கூடுதலாகத் தேவை.

8. மெலிந்த பெண்பிள்ளையும் இளவயதுத் திருமணமும்

இடப்பெயர்வுக் காலத்தில் பாதுகாப்பு ஒன்றையே நினைத்துச் சில குடும்பங்கள் பெண்பிள்ளைகளை நேரத்தோடு கட்டிக்கொடுத்தன. அந்த நெருக்கடியை இங்கே எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது அந்தத் தீர்மானத்தை எடுக்கும்போது பிள்ளையின் உடலையும் கணக்கில் எடுங்கள்.

18 வயதுக்கு முன் பெண்பிள்ளையின் இடுப்பெலும்பு முழு வளர்ச்சி அடைந்திருக்காது. அவள் மெலிவாகவும் குருதிச்சோகையோடும் இருந்தால், கர்ப்பத்தில் வளரும் குழந்தையும் அவளும் ஒரே போசாக்குக்குப் போட்டியிடும் நிலை வரும். பிரசவம் சிக்கலாகும் ஆபத்தும், குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையோடு பிறக்கும் ஆபத்தும் கூடும். நிறை குறைந்து பிறந்த பெண்குழந்தை மெலிந்த பதின்ம வயதுப் பெண்ணாகி, அவளும் அதே விதமான தாயாகலாம். இந்தச் சங்கிலியை அறுப்பதற்கு மிகப் பொருத்தமான இடம் இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் 13 வயது மகள்தான். இலங்கையின் பொதுச் சட்டப்படியும் திருமண வயது 18 ஆகும்.

ஏற்கெனவே திருமணமான இளம் பெண் வீட்டில் இருந்தால், அவளைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் இப்போதே பதிவு செய்யுங்கள். கர்ப்பம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

9. யாரிடம் போவது?

பாடசாலை: வகுப்பாசிரியரிடம் அல்லது அதிபரிடம், மருத்துவப் பரிசோதனை எப்போது நடைபெறும் என்று கேளுங்கள். இடப்பெயர்வால் உங்கள் பிள்ளைக்கு அது தவறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பாடசாலையில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து–போலிக் அமில மாத்திரையைப் பிள்ளை எறியாமல் விழுங்குகிறதா என்று விசாரியுங்கள். அதனால் மலம் கறுப்பாகப் போகலாம். பயப்பட வேண்டாம்.

குடும்ப நல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: உங்கள் பிரிவுக்கு யார் என்று கிராம அலுவலரிடம் கேட்டால் சொல்வார். உங்கள் குடும்பம் திரும்பி வந்துவிட்டது என்பதை அவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் அரச வைத்தியசாலையும்: பரிசோதனையும் மருந்தும் இலவசம். பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவேடு இருந்தால் கொண்டுபோங்கள். தொலைந்துவிட்டது என்றாலும் போங்கள். அதற்காக எவரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்:

– சில மாதங்களுக்குள் காரணம் தெரியாமல் நிறை குறைந்துகொண்டே போவது.
– இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை. இது காசநோயாக இருக்கலாம். காசநோயைச் சிகிச்சையால் குணப்படுத்த முடியும்.
– அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது. இது நீரிழிவாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் அது வரும்.
– நீடித்த வயிற்றோட்டம், மலத்தில் குருதி, அடிக்கடி வாந்தி.
– இரண்டு காலிலும் வீக்கம், மயக்கம், எழுந்து நடக்க முடியாத சோர்வு.
– சாப்பிடவே மறுப்பது, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு.

10. பிள்ளையோடு பேசும்போது

“எலும்புக்கூடு”, “ஈர்க்குச்சி” என்று பட்டம் சொல்லி அழைப்பது விளையாட்டாகத் தொடங்கும். பிள்ளைக்கு அது விளையாட்டு அல்ல. வெட்கப்படும் பிள்ளை மற்றவர் முன்னால் சாப்பிடுவதைக் குறைக்கும், விளையாட்டு நேரத்தில் ஒளிந்துகொள்ளும், பரிசோதனை நாளில் பாடசாலைக்கே போகாது. வீட்டிலும் அயலிலும் இந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

நிறுக்கும்போது எண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள். “இந்த மாதம் கூடியிருக்கிறது, நல்லது” என்று சொல்லுங்கள். முடிந்தால் நாளில் ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். முகாமில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிய பிள்ளைக்கு, தன் வீட்டுத் தரையில் இருந்து பயமில்லாமல் சாப்பிடுவதே பசியைத் திரும்பக் கொண்டுவரும்.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பிறந்த திகதியை எழுதுங்கள். கீழே நான்கு நிரல்கள்: திகதி, உயரம், நிறை, குறிப்பு. மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று வையுங்கள்.

நிறை மாதத்துக்கு அரைக் கிலோ கூடினாலே அது நல்ல முன்னேற்றம். மூன்று மாதம் கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எப்போது மெலியத் தொடங்கியது என்று வைத்தியர் கேட்கும்போது அந்தக் கொப்பி உங்களுக்காகப் பதில் சொல்லும்.

பின்வரும் கேள்விகளுக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பதில் தேடுங்கள்:

1. எங்கள் வீட்டுப் பிள்ளையின் உயரத்தையும் நிறையையும் கடைசியாக அளந்தது எப்போது?
2. எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்கு நேற்று என்ன மிஞ்சியது?
3. பிள்ளை நேற்றுக் காலை பாடசாலைக்கு என்ன சாப்பிட்டுவிட்டுப் போனது?
4. எங்கள் பிரிவின் குடும்ப நல உத்தியோகத்தரை எங்களுக்குத் தெரியுமா? அவருக்கு எங்களைத் தெரியுமா?

முதற் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், இந்தக் கிழமைக்குள் ஒரு நாளைக் குறித்து அளந்துவிடுங்கள்.